ராப்பும் ராக்கும் ஒரே பாட்டில்: நெல்லைத் தமிழ் ஏன் உட்கார மறுக்கிறது?

பாளை_கிட்டார் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் நான்கு பேர், பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் இரண்டு வருடமாக வாசித்து வருகிறோம். கிட்டார் நான். பேஸும் டிரம்ஸும் நண்பர்கள். ராப் என் சித்தி மகன். போன மாதம் ஒரு கல்லூரி விழாவில் முதல் தடவையாக மேடை ஏறினோம். சொந்தப் பாட்டு, நெல்லைப் பேச்சில். ஊரை விட்டு வேலைக்குக் கிளம்பும் ஓர் அண்ணனைப் பற்றியது.

யாருக்கும் ஒரு வார்த்தை கூடப் புரியவில்லை. கூட்டம் கைதட்டியது. ஆனால் கீழே இறங்கியதும் என் தங்கையே வந்து, "அவன் என்ன பாடினான்?" என்று கேட்டாள். கிட்டார் இல்லாமல் அவன் வீட்டில் சொல்லும்போது ஒவ்வொரு சொல்லும் தைக்கிறது. கிட்டார் சேர்ந்ததும் சொல் காணாமல் போகிறது. கிட்டாரைக் குறைத்தால் பாட்டில் சூடு இல்லை. ஆங்கிலப் பாட்டுகளில் இந்த இரண்டும் சேர்ந்துதானே வருகின்றன? தமிழுக்கு இது ஒத்து வராதா, இல்லை நாங்கள் எங்கேயோ தப்புப் பண்ணுகிறோமா?

முதல் நான்கு வரி இது:

ஜங்ஷன்ல வண்டி ஏறுதான் அண்ணன், கையில ஒரு பை
சீக்கிரம் நான் வந்துருவேன்னு சொல்லுதான் ஒரு பொய்
அம்மா மொகத்தப் பாக்காமலே திரும்பிக்கிட்டு நிக்கான்
ரயிலு கெளம்பும் நேரத்துல கண்ண மட்டும் தொடைக்கான்


மேலரதவீதி எழுதியது:

தம்பி, அதற்குள் தமிழுக்கு ஒத்து வராது என்று முடிவு கட்டிவிடாதே. ஆங்கிலத்திலும் இது ஒரே நாளில் உட்கார்ந்துவிடவில்லை.

1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டிஜேக்கள் ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, டிரம்ஸ் தனியாக வரும் துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். அந்த ரெக்கார்டுகளில் ராக் இசையும் இருந்தது. ஆக, ராக் தொடக்கத்திலிருந்தே ராப்பின் காலடியில் இருந்தது, ஆனால் டிரம்ஸாக மட்டும். சொல்லுக்கு மேலே எதுவும் இல்லை, கீழே தாளம் மட்டும்தான். கிட்டாரை உள்ளே கொண்டுவந்தபோதுதான் நீ சொல்லும் பிரச்சினை வந்தது.

1984இல் ரன்-டிஎம்சி என்ற ராப் குழு 'ராக் பாக்ஸ்' பாட்டில் எட்டி மார்ட்டினஸ் என்ற கிட்டார் கலைஞரை வாசிக்க வைத்தார்கள். அதைக் காது கொடுத்துக் கேள். கீழே வெறும் டிரம் மெஷின். இரண்டு பேர் மாறி மாறிச் சொல்கிறார்கள். கிட்டார் அவர்களுக்குப் பதில் சொல்வதுபோல வருகிறது.

1986இல் 'வாக் திஸ் வே'. ஏரோஸ்மித் என்ற ராக் குழுவின் 1975ஆம் வருடப் பாட்டு. ரன்-டிஎம்சிக்கு அந்த ரெக்கார்டின் தொடக்க டிரம்ஸ்தான் பழக்கம். அதன் மேல் தங்கள் சொந்த வரிகளைச் சொல்லத்தான் நினைத்தார்கள். முழுப் பாட்டையும் அந்த ராக் குழுவோடு சேர்ந்து பாடலாம் என்று தள்ளியது தயாரிப்பாளர் ரிக் ரூபின். ஏரோஸ்மித்தின் பாடகர் ஸ்டீவன் டைலரும் கிட்டார் கலைஞர் ஜோ பெர்ரியும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். பழைய பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 10ஆம் இடம் வரை போயிருந்தது. புதியது 4ஆம் இடத்தைத் தொட்டது.

இதில் உனக்கு வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பாட்டில் டைலர் பாடும் சரணமே ஏறக்குறைய பேச்சு. அசைகள் படபடவென்று விழும். ஜோ பெர்ரியின் பெரிய ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு, சரணத்துக்கு முன்னாலும் பின்னாலும் வருகிறது. வரி நடக்கும்போது கிட்டார் வேறொரு லேசான வாசிப்புக்கு இறங்கிவிடுகிறது. ராப் வந்து உட்கார அந்தப் பாட்டில் ஏற்கெனவே இடம் இருந்தது. நீ வாசிப்பதைக் கொஞ்சம் பதிவு செய்து போடு. வரி நடக்கும்போது உன் கை என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும்.


கொக்கிரகுளம்_கேசட் எழுதியது:

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். ராக் 30 வருடமாகக் கேட்கிறேன், ராப்பும் பிடிக்கும். இரண்டையும் சேர்த்தால் பெரும்பாலும் இரண்டும் பாதியாகிவிடுகிறது. 1990களின் கடைசியில் அமெரிக்காவில் இதற்குப் பெரிய சந்தை கிடைத்தது. அப்போது வந்தவற்றில் பாதி எனக்கு வெறும் நெஞ்சைத் தட்டிக்கொள்ளும் சத்தமாகத்தான் கேட்டது. யார் மேல் கோபம், எதற்குக் கோபம் என்று பாட்டில் இருக்காது, சத்தம் மட்டும் இருக்கும்.

ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் என்ற குழுவை மட்டும் இன்றும் கேட்கிறேன். அவர்கள் முதல் ஆல்பம் 1992இல் வந்தது. அவர்களுக்குச் சொல்ல விஷயம் இருந்தது.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. மேலரதவீதி அண்ணாச்சி சொன்ன 1986 பாட்டால் அதிகம் பிழைத்தது யார்? சரிந்து கிடந்த ஏரோஸ்மித்துக்கு மறுபடி வாழ்வு வந்தது. ராக் என்பதே கறுப்பின மக்களின் புளூஸிலிருந்தும் ரிதம் அண்ட் புளூஸிலிருந்தும் வந்ததுதான். சக் பெர்ரி போன்ற கறுப்பினக் கலைஞர்கள் கையில் வளர்ந்த கிட்டார், வெள்ளையர் குழுக்கள் வழியாகச் சுற்றிவிட்டு, கறுப்பின இளைஞர்களிடம் 'புதுக் கலவை' என்று திரும்பி வந்தது. கலவை என்று பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

தம்பியிடம் நேராகவே கேட்கிறேன். அண்ணன் ரயில் ஏறுகிறான், அம்மா நிற்கிறாள். இதற்கு உறுமுகிற கிட்டார் எதற்கு?


பாளை_கிட்டார் எழுதியது:

அண்ணாச்சி, அது என் அண்ணன் கதைதான். அவன் போன அன்று வீட்டில் யாரும் அழவில்லை. அம்மா டிபன் பாக்ஸில் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். அப்பா ஆட்டோவுக்குக் காசு எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் சாதாரணமாகப் பேசினோம். வண்டி போனபின் பிளாட்பாரத்தில் அப்பா கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பேசாமல் அடக்கிக்கொண்ட அந்த ஒன்றுக்கு எனக்குத் தெரிந்த ஒரே சத்தம் கிட்டார்தான். மெல்லிய வயலின் வைத்தால் அது வேறு பாட்டாகிவிடும்.

பதிவு போட்டிருக்கிறேன். வரி நடக்கும்போதும் நான் முழு ரிஃப்தான் வாசிக்கிறேன்.


கொக்கிரகுளம்_கேசட் எழுதியது:

சரி தம்பி. அப்படியென்றால் கிட்டார் இருக்கட்டும். ஆனால் அம்மா சோறு கட்டிக் கொடுத்தது பாட்டில் இல்லையே. கையில் பை எல்லாரிடமும்தான் இருக்கும்.


அம்பை_சவுண்டு எழுதியது:

கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மேடைக் கச்சேரிக்கும் 20 வருடமாக சவுண்டு போடுகிறேன். பதிவைப் பார்த்தேன், கேட்டேன். தம்பிகள் மேல் பெரிய தப்பு இல்லை, எல்லாக் குழுவும் முதலில் இதைத்தான் செய்யும்.

சொல்லைச் சொல்லாகப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துச் சத்தம் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. டிஸ்டார்ஷன் போட்டுக் கரகரக்க வைத்த கிட்டாரும் வந்து நிற்பது அங்கேதான். இரண்டு பேர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தால் பலசாலிதான் உட்காருவான். ராகம் இழுத்துப் பாடுகிறவர் தப்பித்துவிடுவார், உயிரெழுத்து நீளமாக நிற்கும். ராப்பில் சொல் சட்டென்று வந்து போய்விடும். அதனால்தான் அடி வாங்குகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: ஆம்பில் அந்தக் கரகரப்பைக் கூட்டும் கெயினைப் பாதியாகக் குறையுங்கள். அறையில் கேட்கும்போது மெலிசாக இருக்கும், மேடையில் அதுதான் தெளிவாக வரும். கிட்டாரில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் மூன்று நான்கு டெசிபல் இறக்குங்கள். அந்த இடம் குரலுக்கு. சரணத்தில் உள்ளங்கையைக் கம்பி மேல் வைத்து அமுக்கி வாசியுங்கள். கனத்தை பேஸும் கிக் டிரம்மும் தாங்கட்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். உங்கள் பாட்டுக்காரத் தம்பி மைக்கின் தலையைக் கையால் மூடிப் பிடிக்கிறான். பார்க்க கெத்தாக இருக்கும். அப்படிப் பிடித்தால் மைக் பின்பக்கச் சத்தத்தைத் தள்ளும் வேலையைச் செய்ய முடியாது. குரல் குழம்பும், ஊளையிடும். தண்டைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

சுடலைமாடன் கொடையில் குழாய் ஸ்பீக்கர் கட்டிய காலத்தில், அடி ஒலியே வராத அந்தக் குழாயில் வில்லுப்பாட்டு ஊர் முழுக்கக் கேட்டது. ஒரு வார்த்தை தவறாது. வில்லுப்பாட்டின் அமைப்பு அப்படி. யாராவது தெரிந்தவர்கள் அதைப் பற்றிச் சொல்லுங்கள்.


ராதாபுரம்_காத்து எழுதியது:

மைக்கை மூடிப் பிடிக்கும் விஷயம் முற்றிலும் உண்மை. எங்கள் குழுவில் இது ஒன்றை மாற்றியதிலேயே பாதி சரியானது.


சுரண்டை_வில்லு எழுதியது:

அம்பை அண்ணாச்சி கேட்டதால் எழுதுகிறேன். அப்பா வில்லிசைப் புலவர். சின்ன வயதில் நான் குடம் அடித்திருக்கிறேன்.

வில்லில் புலவர் நடுவில் உட்கார்ந்து வீசுகோலால் நாணைத் தட்டுவார். வில்லில் கட்டிய மணிகள் குலுங்கும். குடம், உடுக்கை, தாளம், கட்டை எல்லாம் சுற்றி இருக்கும். இவ்வளவு பேர் வாசித்தாலும், கதையை வசனமாகச் சொல்லும்போது எல்லாம் அடங்கிவிடும். பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவார். அந்த 'ஆமா'வில்தான் புலவர் மூச்சு வாங்குவார், கேட்கிறவர்கள் சொன்னதை உள்வாங்குவார்கள். பாட்டாக ஏறும்போது எல்லா வாத்தியமும் ஒன்றாக விழும். 'ராக் பாக்ஸ்' பாட்டில் ஒருவர் சொல்ல மற்றவர் வரியின் கடைசிச் சொல்லைப் பிடிப்பதைக் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த 'ஆமா'தான். தம்பி, உன் பாட்டில் ஒரே ஆள் மூச்சு விடாமல் 16 வரி சொல்கிறான். பேஸ் வாசிக்கிறவனை 'ஆமா' போடச் சொல்லு.

இரண்டாவது, வரியைப் பற்றி. உன் வரிகள் பை, பொய் என்று கடைசியில் சேர்கின்றன. ஆங்கில ராப்பிலிருந்து எடுத்த பழக்கம். அங்கே வரிக் கடைசியில் வரும் ஒலி பெரும்பாலும் நான்காவது தட்டில் ஸ்னேர் டிரம் அடி மேல் விழும். தமிழ்ச் செய்யுளுக்கு எதுகை என்று ஒன்று இருக்கிறது. அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. அது வரியின் தலையிலேயே இருக்கிறது. ராக் ரிஃப் ஓங்கி அடிப்பதும் முதல் தட்டில்தான். தமிழின் அடியும் ரிஃப்பின் அடியும் ஒரே இடம். அப்பா சொல்வார், எதுகை விழுந்தால் தாளக்காரனைப் பார்க்க வேண்டாம் என்று.

நம் பக்கத்து ஆள், சங்கரன்கோவில் அருகே சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். கழுகுமலை முருகன் மேல் காவடிச்சிந்து பாடியவர். அதில் ஒரு கண்ணியை வாயால் மெதுவாகச் சொல்லிப் பார்க்கவே முடியாது. எழுத்துகளே வேகத்தைப் பிடித்துத் தள்ளும். அதைப் படித்துவிட்டு ராப் எழுது என்று உன் சித்தி மகனிடம் சொல்லு.


தென்காசி_சாரல் எழுதியது:

சுரண்டை அண்ணன் சொன்னதில் பாதிக்குத்தான் ஒத்துக்கொள்வேன். நான் ஐந்து வருடமாகத் தமிழில் ராப் எழுதுகிறேன். ஒவ்வொரு வரியிலும் எதுகையை முதல் தட்டில் போட்டால் பாட்டு மனப்பாடச் செய்யுள் மாதிரி ஆகிவிடும். எட்டு வரியில் காது சலித்துவிடும். ராப்பின் உயிர் தட்டைத் தாண்டிச் சொல்வதிலும் தட்டுக்கு முன்னால் சொல்வதிலும் இருக்கிறது. தமிழில் ராப் எழுதிய யாரும் இயைபை, அதாவது வரிக் கடைசி ஒன்றி வருவதை, விட்டுவிடவில்லை. 1990களிலிருந்து மலேசியாவில் பாடியவர்கள், 2006இல் 'வல்லவன்' ஆல்பம் தந்த யோகி பி குழு, எல்லாரும் வரிக் கடைசியையும் பிடித்துக்கொண்டுதான் பாடினார்கள்.

ஆனால் ராக் கிட்டார் சேரும்போது எதுகைக்குத் தனி வேலை உண்டு என்பது உண்மை. அதிலும் வல்லினம் இரட்டித்த எதுகை. கட்டி, தட்டி, எட்டு என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் 'ட்' வரும்போது ஒரு கணம் நாக்கு அடைத்து நிற்கிறது, அப்புறம் வெடிக்கிறது. அந்த அடைப்பு ஒரு சின்ன மௌனம். கிட்டார்காரர் கம்பியை அமுக்கி வாசிக்கும் சத்தமும் அதே உருவம்தான். 'பை', 'பொய்' போன்ற சொற்களில் அந்த அடைப்பு கிடையாது, உயிரொலி அப்படியே கிட்டாருக்குள் கரைந்துவிடும். உங்கள் நான்கு வரியில் முதல் இரண்டு வரி காணாமல் போவதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று நம் பேச்சிலேயே இருக்கிறது. சென்னையில் 'சொல்றேன்' என்பார்கள், இரண்டு அசை. நாம் 'சொல்லுதேன்' என்போம், மூன்று. நடுவில் ஒரு குறில் கூடுதலாகக் கிடைக்கிறது. தள்ளுதேன், அள்ளுதேன், கிள்ளுதேன் எல்லாம் அப்படித்தான். அந்தக் குறிலை ஹை-ஹாட் தட்டில் வைத்தால் வரி தானாக உருளும். நான் எழுதத் தொடங்கிய காலத்தில் சென்னைப் பேச்சில் எழுதினேன். தென்காசிப் பேச்சுக்கு வந்தபின்தான் என் வரிக்கு ஓட்டம் வந்தது. உங்கள் பாட்டில் 'ஏறுதான்', 'சொல்லுதான்' இருக்கிறது, நல்லது. 'நிக்கான்' என்பதில் அந்தக் குறில் இல்லை, அதற்குப் பதில் வேறு சொல் பாருங்கள்.


மேலரதவீதி எழுதியது:

சாரல் சொன்ன மௌனம் மிக முக்கியம். இந்தக் கலவையில் நின்றவர்களை இரண்டு வழியாகப் பிரிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று ரேஜ் வழி. கிட்டாரும் பேஸும் பல இடங்களில் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கும். ஒரு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், அவ்வளவுதான். சாம்பிள் (வேறு ரெக்கார்டிலிருந்து வெட்டிய துண்டு), கீபோர்டு, சிந்தசைசர் எதுவும் பயன்படுத்தவில்லை என்று முதல் ஆல்பத்தின் உறையிலேயே அச்சிட்டார்கள். அவர்களின் கிட்டார் கலைஞர் டாம் மொரெல்லோ கிட்டாரின் சுவிட்சைத் தட்டித் தட்டி டிஜே ரெக்கார்டு தேய்க்கும் சத்தத்தைக் கொண்டுவந்தார். ராக்கை விட்டு நகராமலேயே ராப்பின் கருவியைப் பேச வைத்தது அது.

இன்னொன்று லிங்கின் பார்க் குழுவின் வழி. 2000 அக்டோபரில் வந்த அவர்களின் 'ஹைப்ரிட் தியரி' ஆல்பம். அதில் மைக் ஷினோடா ராப் சொல்லும் பல சரணங்களில் கிட்டார் ஒதுங்கி நிற்கும், பீட்டும் மெல்லிய சத்தங்களும் இருக்கும். செஸ்டர் பெனிங்டன் பல்லவிக்கு வரும்போது சுவர் மாதிரி கிட்டார் எழும். 2017இல் செஸ்டர் இறந்த செய்தி வந்த இரவு அந்த ஆல்பத்தை முழுக்கப் போட்டுக் கேட்டேன். இன்றும் சில பாட்டுகளை என்னால் கடைசி வரை கேட்க முடியவில்லை.

தம்பி அடக்கிய அழுகை என்று சொன்னான். அப்படியானால் அவனுக்கு இரண்டாவது வழிதான். சரணம் முழுக்க அடக்கி வை. அண்ணன் போனபின் அப்பா நிற்கும் இடத்தில் கிட்டாரை அவிழ்த்து விடு.


ராதாபுரம்_காத்து எழுதியது:

ஒரு யோசனை. கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம் என்ற தோல் வாத்தியத்தின் சத்தத்தை ஏதாவது வீடியோவிலிருந்து வெட்டி, டிரம்ஸுக்கு அடியில் லூப்பாகப் போட்டால் என்ன? அந்த அடி ராக்குக்கு அப்படியே பொருந்தும்.


சுரண்டை_வில்லு எழுதியது:

தம்பி, பொருந்தும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உச்ச மகுடமும் மந்த மகுடமும் பேசிக்கொள்வதைக் கேட்டால் உடம்பு நிற்காது. ஆனால் வெட்டி எடுப்பது வேண்டாம். அந்த அடிகளில் சில, கொடையில் சாமி வருவதற்காக அடிப்பவை. அதைக் கல்லூரி மேடையில் ஓடவிட்டால் வாசித்தவர் மனம் என்ன பாடுபடும்? எந்த அடி சாமிக்கு, எந்த அடி வெளியில் வாசிக்கலாம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தோலைத் தீயில் காய்ச்சி அந்தச் சத்தத்தைக் கொண்டுவருகிற ஆட்கள் நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நேரில் போய்க் கேளுங்கள். வந்தால் சம்பளம் கொடுங்கள், மேடையில் பெயரைச் சொல்லுங்கள். கேசட் அண்ணாச்சி ஏரோஸ்மித்தைப் பற்றிச் சொன்னது நமக்கும் பொருந்தும்.

சென்னையில் 2018இல் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறியபோது கானா பாடகர்களையே மேடையில் நிறுத்தினார்கள். ராப், ராக், கானா மூன்றும் சேர்ந்த குழு. அவர்கள் பாட்டை அவர்களே பாடினார்கள். எனக்கு அது பிடித்தது.


ராதாபுரம்_காத்து எழுதியது:

நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை அண்ணாச்சி. சரிதான்.


பாளை_கிட்டார் எழுதியது:

ஐந்து நாள் கழித்து வருகிறேன். தினமும் சாயங்காலம் உட்கார்ந்தோம். சித்தி மகன் முதலில் கோபப்பட்டான், எழுதிய வரியை மாற்ற மாட்டேன் என்றான். காவடிச்சிந்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். இரண்டு பக்கம் படித்துவிட்டு அவனே பேனாவை எடுத்தான். கேசட் அண்ணாச்சி கேட்ட சோறும் வந்துவிட்டது:

பெட்டி தூக்குதான் அண்ணன், பேச்சு இல்லாம அம்மா
கட்டித் தருதா சோறு, கண்ணு கலங்குது சும்மா
எட்டு மணிக்கு வண்டி, ஏறி உக்காந்த பின்ன
தட்டிக் கேக்குதா ஜன்னல, தாயி மனசுல என்ன

இதற்கு அடுத்த நான்கு வரியில் எதுகையை விட்டுவிட்டுத் தட்டைத் தாண்டிச் சொல்கிறான், சாரல் அக்கா சொன்ன மாதிரி. பேஸ்காரன் ஒவ்வொரு இரண்டாவது வரிக்கும் 'ஆமா' போடுகிறான். முதல் நாள் வெட்கப்பட்டான், இப்போது அவன் போடும் 'ஆமா'வுக்கே வீட்டுக்காரர் கீழேயிருந்து எட்டிப் பார்க்கிறார்.

கெயினைப் பாதியாக்கினேன். சரணத்தில் கம்பியை அமுக்கித்தான் வாசிக்கிறேன். அப்பா பிளாட்பாரத்தில் நிற்கும் இடம் வரும்போது இரண்டு தட்டு எல்லாரும் நிறுத்துகிறோம். அப்புறம்தான் முழு ரிஃப். நேற்று தங்கையை உட்கார வைத்து வாசித்தோம். எல்லா வரியையும் திருப்பிச் சொன்னாள். முடிந்ததும் அம்மாவிடம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்று மட்டும் இன்னும் சரியில்லை. 'கண்ணு கலங்குது சும்மா' என்ற இடத்தில் 'சும்மா' வெறுமனே ஒலிக்காகப் போட்டதுபோல் இருக்கிறது.


கொக்கிரகுளம்_கேசட் எழுதியது:

'சும்மா' இருக்கட்டும் தம்பி. ஏன் அழுகிறாய் என்று கேட்டால் என் அம்மாவும் "சும்மாதான்" என்றுதான் சொல்வாள். புதுப் பதிவை மூன்று தடவை கேட்டேன். முதல் கேள்வியை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், கிட்டார் வேண்டும்.


தென்காசி_சாரல் எழுதியது:

நானும் 'சும்மா'வை மாற்ற வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அதைத் தட்டில் சொல்லாமல் கொஞ்சம் தாமதமாக, பேச்சு மாதிரி விடச் சொல்லுங்கள்.


சுரண்டை_வில்லு எழுதியது:

அப்பாவிடம் பதிவைப் போட்டுக் காட்டினேன். கிட்டார் சத்தத்தில் முகம் சுளித்தார், 'ஆமா' வந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பையன் அதைச் சீக்கிரம் போடுகிறான், புலவர் வாய் மூடியபின் போட வேண்டும் என்றார். ஆடிக் கொடைகள் முடிந்ததும் பாளைக்கு அழைத்துவருகிறேன். குடமும் கொண்டுவருவோம். அம்பை அண்ணாச்சி, குடத்துக்கு மைக் எங்கே வைப்பது என்று அதற்குள் சொல்லிவிடுங்கள்.


அம்பை_சவுண்டு எழுதியது:

குடத்து வாய்க்கு ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சாய்த்து வையுங்கள். நேராக வைத்தால் காற்று அடிக்கும். டிரம்ஸுக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், எதிர்ப்பக்கம் உட்காரட்டும். தேதி சொல்லுங்கள், நானே வந்து போட்டுத் தருகிறேன்.